துருவ நட்சத்திரம் மலைக்குப் பின்னால்: ட்ரெக்கரை எப்படி நேராக்குவது?

கேள்வி (தலவாக்கலை)
வணக்கம். என்னட்ட இருக்கிறது ஸ்டார் அட்வென்ச்சரர் 2ஐ (வானம் சுழலும் வேகத்துக்குக் கமராவைத் திருப்பும் ட்ரெக்கர்), கெனன் 200டி கமரா, 135 மி.மீ. லென்ஸ். ஒரையன் நெபுலாவை 60 செக்கன் எடுத்தால் நட்சத்திரமெல்லாம் கோடாக இழுபடுது. வடக்கே தேயிலை மலை மறைக்கிறதால போலர் ஸ்கோப்பால (துருவ நட்சத்திரத்தைப் பார்த்து ட்ரெக்கரை நேராக்கும் சின்னத் தொலைநோக்கி) பிரயோசனம் இல்லை, போன் கொம்பஸ்தான். பத்து மணிக்குப் பிறகு லென்ஸும் பனி பிடிச்சிடுது. என்ன செய்யலாம்?

பதில் 1 (பண்டாரவளை)
நம்ம பக்கம் துருவ நட்சத்திரம் சுமார் 7 பாகை உயரத்தில்தான் நிற்கும். அது தெரியிற முற்றம் மலையகத்தில் கிடைச்சா அதிர்ஷ்டம். தெரியாட்டியும் நட்டமில்லை.

எவ்வளவு துல்லியம் வேணும்னு முதல்ல கணக்குப் பாருங்க. உங்க செட்டில் ஒரு பிக்சல் 5.7 ஆர்க்செக்கன் (ஒரு ஆர்க்செக்கன் என்றது பாகையில் 3600இல் ஒரு பங்கு). ட்ரெக்கர் சுழலும் அச்சு வான துருவத்திலிருந்து 1 பாகை விலகினால் நட்சத்திரம் நிமிடத்துக்கு 15.7 ஆர்க்செக்கன் வரை நகரும், கிட்டத்தட்ட 3 பிக்சல். மூன்றில் ஒரு பாகைக்குள் வந்தால் 60 செக்கனுக்குத் தாராளம். கொம்பஸ் அந்த அளவுக்கு வராது. பக்கத்தில் இரும்பு இருந்தாலே ஊசி ஓடிடும்.

உயரம் சுலபம். ட்ரைபொட்டை மட்டம் பார்த்து, டிஜிட்டல் லெவலை அச்சுக்குச் சமாந்தரமா வச்சு 6.9 பாகைக்குக் கொண்டுவாங்க. வடக்குத்தான் சிக்கல். பகல்ல தூக்குக் குண்டு கட்டி, சூரியன் உச்சம் தொடும் நேரத்து நிழலைத் தரையில் கோடு போட்டு வைக்கலாம். தலவாக்கலையில் பெப்ரவரி நடுவில் அது 12.22 அளவில். நேரம் பிசகக்கூடாது, ஒரு நிமிடம் தவறினால் கோடு முக்கால் பாகை திரும்பிடும். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழலே விழாது. அப்போ இந்த வழி சரிவராது.

இரவில் இறுதித் திருத்தம். ஒரையனின் இடுப்புப்பட்டி உச்சிக்கு வரும் நேரம் பாருங்க. ட்ரெக்கரை நிறுத்தி ஒரு படம் எடுத்து, நட்சத்திரம் இழுபடும் கோடு படச் சட்டத்தின் நீளப் பக்கத்தோட ஒத்துப்போகும் வரை கமராவைத் திருப்புங்க. பிறகு ட்ரெக்கரை ஓடவிட்டு, 5 நிமிட இடைவெளியில் இரண்டு படம். திரையில் பெரிதாக்கி ஒரே நட்சத்திரத்தை ஒப்பிடுங்க. நீளவாக்கில் நகர்ந்தது கியரோட தவறு, அதை விடுங்க. குறுக்கே நகர்ந்ததுதான் அச்சோட பிழை. தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே பார்க்குது, அச்சு மேற்குப் பக்கமா நகர, ட்ரெக்கரின் அடியில் உள்ள போல்ட்டைத் திருப்பணும். வடக்கே நகர்ந்தால் எதிர்ப்பக்கம். குழம்பினால் கால் சுற்று திருப்பிப் பாருங்க, நகர்வு கூடினால் மறுபக்கம். 5 பிக்சலுக்குள் வந்ததும் நிறுத்திடலாம், அதுக்கு மேல மெனக்கெடுறது வீண்.

பதில் 2 (நுவரெலியா)
பனிக்கு யூ.எஸ்.பி. ஹீட்டர் பட்டிதான் வழி. லென்ஸின் முன் விளிம்புக்குச் சற்றுப் பின்னால் கட்டுங்க, போகஸ் வளையத்தின் மேல வேண்டாம். 7 வோட் பட்டிக்கு 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஓர் இரவு தாங்கும். கண்ணாடி சூடாகும்போது போகஸ் மாறும், அதனால் அரை மணி நேரம் முன்பே போட்டுவிட்டு பிறகு போகஸ் பாருங்க. பனி பிடிச்ச கண்ணாடியைத் துடைக்காதீங்க.

திரும்பும்போது வெளியிலேயே மூடி போட்டு, பையில் அடைச்சுத்தான் வீட்டுக்குள் கொண்டுபோகணும். நம்ம பக்கத்து ஈரப்பதத்துக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கலாம். சிலிக்கா ஜெல்லோட காற்றுப் புகாத பெட்டியில் வைங்க.

பதில் 3 (ஹட்டன்)
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா ஒரையன் நம்ம தலைக்கு மேல 78 பாகையில் நிற்கும். அந்தக் கோணத்தில் போல் ஹெட் (கமராவைப் பிடிக்கும் உருண்டை மூட்டு) கனம் தாங்காமல் மெல்லச் சரிந்தாலும் இதே கோடுதான் விழும். 2 செக்கன் படங்கள் தொடர்ச்சியா எடுத்து, சட்டம் திடீர்னு தாவுதான்னு பாருங்க. தாவினால் அச்சை நோண்டுறதில் பலன் இல்லை, திருகை இறுக்குங்க.

மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் நம்ம பக்கம் வானம் மூடிடும். ஜூலை, ஆகஸ்டில் தனுசு ராசிப் பக்கத்து நெபுலாக்கள் வேணும்னா ஊவாப் பக்கம் போங்க. அங்கே காற்று பலம், ட்ரைபொட்டின் கால்களை நீட்டாமல் தாழ்வா வைக்கணும்.