கிரான் வேலை பாதியில் செத்தாலும் எக்ஸிட் கோட் 0 வருகிறது, ஏன்?

கேள்வி:
தினமும் இரவில் ஒரு சிஎஸ்வி கோப்பைப் படித்து டேட்டாபேஸில் ஏற்றும் பைத்தான் புரோகிராம், அதைக் கூப்பிடும் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட், எல்லாம் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது) ஓடுகிறது. கோப்பு உடைந்திருந்தால் புரோகிராம் பிழைச்செய்தி காட்டிவிட்டு நின்றுவிடுகிறது, அது சரி. ஆனால் அடுத்த வரியில் கோப்பை அழிக்கும் கட்டளை இருக்கிறது, அதுவும் ஓடிவிடுகிறது! முந்தைய கட்டளை முடியும்போது கொடுத்த எண்ணை, அதாவது எக்ஸிட் கோடைக் காட்டும் $? பார்த்தால் 0, வெற்றி என்று அர்த்தம். வெளியீடு பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் | குறி) மூலம் டீ (tee, வந்ததைத் திரையிலும் கோப்பிலும் எழுதும் கட்டளை) வழியாக லாக் கோப்புக்குப் போகிறது. இன்னொன்று, பிழையான வரிகளின் எண்ணிக்கையையே எக்ஸிட் கோடாகக் கொடுக்கலாமா?

பதில் 1:
டீதான் காரணம். பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளை என்ன சொல்கிறதோ அதைத்தான் பாஷ் எடுத்துக்கொள்ளும். உங்கள் புரோகிராம் 1 கொடுத்துச் செத்தாலும், டீ தன் வேலையை ஒழுங்காக முடித்து 0 கொடுக்கிறது. ஸ்கிரிப்டின் தலையில் செட் -ஈ (set -e, கட்டளை தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தும்), செட் -ஓ பைப்ஃபெயில் (set -o pipefail, பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று எடுக்கும்) இரண்டையும் போடுங்கள், முதலாவது மட்டும் இருந்தால் இந்த இடத்தில் பிடிக்காது. அப்புறம் எங்காவது ஹெட்டுக்கு (head, முதல் சில வரிகளை மட்டும் எடுக்கும் கட்டளை) பைப் செய்திருந்தால் 141 வந்து ஸ்கிரிப்ட் நிற்கலாம். அது 128 + 13, 13 என்பது சிக்பைப், வாசிப்பவர் இல்லாத பைப்பில் எழுதினால் வரும் சிக்னல், ஹெட் வாசிப்பதை முன்கூட்டியே நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

பதில் 2:
பைப்போடு விடாதீர்கள், புரோகிராமையும் திறந்து பாருங்கள். மெயின் முழுவதையும் ட்ரை-எக்ஸெப்டில் (பிழையைப் பிடிக்கும் பைத்தான் அமைப்பு) போட்டு, பிழையைப் பிரிண்ட் செய்துவிட்டு அப்படியே விட்டிருந்தால் பைத்தானுக்கு அது நல்லபடியாக முடிந்த ஓட்டம், 0 தான் வரும். பிடிக்காமல் விட்டிருந்தாலே 1 கிடைத்திருக்கும். எண்ணிக்கையைக் கொடுக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். யூனிக்ஸில் கூப்பிட்டவருக்குப் போய்ச் சேருவது 8 பிட் மட்டும், சரியாக 256 வரிகள் கெட்டிருந்தால் 0 என்று போகும். எண்ணிக்கை லாக்கில் இருக்கட்டும்.

பதில் 3:
எத்தனை எண்கள் வேண்டும் என்பதைக் கூப்பிடும் ஸ்கிரிப்ட்தான் தீர்மானிக்க வேண்டும். அது வேறு மாதிரி நடந்துகொள்ளப் போவதில்லை என்றால் தனி எண் எதற்கு? கோப்பில் சொல் தேடும் கிரெப் கட்டளையைப் பாருங்கள்: கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, உண்மையான பிழை என்றால் 2, அவ்வளவுதான். உங்களுக்கு இரண்டு போதும். கோப்பு கெட்டிருந்தால் 65, டேட்டாபேஸ் தற்காலிகமாகக் கிடைக்கவில்லை, பிறகு முயலலாம் என்றால் 75. இரண்டும் பிஎஸ்டி யூனிக்ஸின் சிஸ்எக்ஸிட்ஸ் (sysexits) என்ற எக்ஸிட் கோட் பட்டியலில் அதே பொருளில் உள்ளவை. 126, 127, 128க்கு மேல் எதையும் தொடாதீர்கள், ஷெல் அவற்றைத் தனக்கென்று வைத்திருக்கிறது. மெமரி தீர்ந்து கெர்னல் கொன்றால் 137 வரும், அதை எந்த எக்ஸெப்டாலும் பிடிக்க முடியாது. அதனால் ஸ்கிரிப்டில் "65 அல்ல, 75 அல்ல, 0வும் அல்ல" என்ற கிளையைக் கண்டிப்பாக எழுதுங்கள். அந்தக் கிளையில் கோப்பை அழிக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பைப்ஃபெயிலும் போட்டேன், எக்ஸெப்டுக்குள் எக்ஸிட் கோடைக் கொடுத்து முடிக்கும் சிஸ்.எக்ஸிட்டும் (sys.exit) சேர்த்தேன், இப்போது 65 வருகிறது, கோப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் எஸ்டிடிஎர்ருக்கு (stderr, பிழைகளுக்கான தனி வெளியீட்டு வழி) மாற்றிய பிழைச்செய்தி லாக்கில் விழவில்லையே?

பதில் 1:
பைப்புக்குள் எஸ்டிடிஅவுட் (stdout, வழக்கமான வெளியீடு) மட்டும்தான் போகும். டீக்கு முந்தைய பைப் குறிக்கு முன்னால் 2>&1 சேருங்கள், எஸ்டிடிஎர்ரும் அதோடு போகும்.