புதுப்பிப்பு: தகரை, பேயாவரை, ஆவரசு

மட்டக்களப்பு–கல்முனை வீதியோரத்து மஞ்சள் பூப் படங்களைப் போட்டு, மூன்றும் தகரைதானா என்று முன்பு கேட்டிருந்தேன். மூன்றும் ஒரே பேரினம், ஆனால் வேறு வேறு செடிகள். பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள்.

தகரைக்குச் சிற்றிலை மூன்று சோடி. நுனி உருண்டு அகன்றிருக்கும். அடிச் சோடிகளுக்கு நடுவே ஈர்க்கில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன முளை நிற்கும், அதுதான் சுரப்பி. நகத்தால் தடவினாலே தட்டுப்படும்.

பேயாவரையில் அந்தச் சுரப்பி இலைக்காம்பின் அடியில், தண்டோடு ஒட்டியபடி இருக்கும். சிற்றிலை நாலைந்து சோடி, நுனி கூர். கசக்கினால் நாற்றம் தூக்கும். ஆனால் தகரையும் கொஞ்சம் நாறும், ஆகையால் மணத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

காய் வந்துவிட்டால் குழப்பமே இல்லை. தகரைக் காய் மெல்லிய அரிவாள் வளைவு. பேயாவரைக் காய் தட்டை, மேல்நோக்கி நிற்கும், ஓரம் வெளிறியிருக்கும்.

ஆவரசு புதர். சிற்றிலை 8 முதல் 12 சோடி, ஒவ்வொரு சோடிக்கு நடுவிலும் சுரப்பி, காம்படியில் காது மடல் போன்ற இலையடிச் செதில்.

படம் எடுப்பதென்றால் பகலில் எடுங்கள். பொழுதுபட்டால் சிற்றிலைகள் மடிந்துவிடும், சோடி எண்ண முடியாது. மாரி மழைக்குத் தளிர்த்ததும் வறைக்குத் தகரை பிடுங்குபவர்கள் சுரப்பியைப் பார்த்தே பிடுங்குங்கள். பேயாவரை விதை நஞ்சு, பிள்ளைகள் கையில் அகப்பட விடாதீர்கள்.