அப்பாவை அறையில் வைத்துப் பூட்டலாமா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு 78 வயது, மறதி நோய் வந்து நாலு வருஷம். போன வாரம் சாயங்காலம் அம்மாவைப் பார்த்து "யாருடி நீ, என் வீட்டில் உனக்கென்ன வேலை" என்று கைத்தடியால் ஓங்கி அடித்துவிட்டார், மணிக்கட்டு இன்னும் வீங்கிக் கிடக்கிறது. இனி ராத்திரி எட்டு மணிக்கு மேல் அறையை வெளியே தாழ் போட்டுவிடலாம் என்று அண்ணனும் நானும் முடிவு செய்திருக்கிறோம். பாவம்தான், ஆனால் அம்மாவும் மனுஷிதானே.

பழைய நர்ஸ்:
பூட்டாதீர்கள் தம்பி. பயத்தில் கதவை இடிப்பார், இருட்டில் விழுந்து இடுப்பெலும்பு போனால் அப்புறம் படுக்கைதான். இதற்கு முன் கை ஓங்காதவர் என்றால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், பல்வலி எதையும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் அடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தூங்காதவன்:
ரிப்போர்ட் வருவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் என்ன செய்வது அக்கா? என் மாமியார் அரிவாள்மனையோடு வந்தவர். வீட்டில் இருந்த தூக்க மாத்திரையைத் தயிர்சாதத்தில் பிசைந்து கொடுத்தோம், வீடு அடங்கியது.

பழைய நர்ஸ்:
டாக்டரைக் கேட்காமலா? தூக்க மாத்திரை போட்டு ராத்திரி தள்ளாடி விழுந்தவர்கள் எத்தனை பேர். மனநோய் மாத்திரைகளும் அப்படித்தான், மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2005லேயே எச்சரித்துவிட்டது. வேறு வழியில்லாதபோது டாக்டர் குறைந்த அளவில் எழுதுவார், அது வேறு. ஆளைப் பூட்டுவதை விட்டு அரிவாள்மனை, கத்தி, சுத்தியலைப் பூட்டுங்கள். ராத்திரி கேஸ் ரெகுலேட்டரை அணைத்துவிடுங்கள். அவர் கத்தும்போது எதிர்வாதம் வேண்டாம், அம்மா வாசல் பக்கமாகவே நிற்கட்டும். அடி விழும் என்று தோன்றினால் அடுத்த அறைக்குப் போய் உள்தாழ் போட்டுக்கொள்ளட்டும், போன் கையில் இருக்கட்டும். மிஞ்சிப்போனால் 108.

வைகைக்கரை:
ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அடித்த அன்று பீரோக் கண்ணாடிக்கு எதிரே நின்று "உள்ளே எவனோ இருக்கிறான்" என்று கத்திக்கொண்டிருந்தார். லைட் போடவில்லை.

பழைய நர்ஸ்:
கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அவருக்குத் தெரியாது. இன்றைக்கே பழைய புடவையைப் போட்டு மூடுங்கள், அந்தி சாய்வதற்கு முன்னாலேயே எல்லா லைட்டையும் போட்டுவிடுங்கள்.

தூங்காதவன்:
கண்ணாடி விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி யார் கூடப் படுப்பது?

வைகைக்கரை:
அம்மாதான். மூன்று தடவை பாத்ரூம் கூட்டிப்போக வேண்டும். நான் சென்னை, அண்ணன் திருப்பூர்.

தூங்காதவன்:
அதுதானே பார்த்தேன். ஆளுக்கு ஒரு வாரம் வந்து அந்த அறையில் படுங்கள், அப்புறம் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசலாம்.