ரெண்டு கிரைண்டர் ஒப்பீடு: எதை மேலே போடுறது?

வணக்கம். அஃபிலியேட் தளத்துக்காக (நம்ம லிங்க் வழியா யாராவது வாங்கினா நமக்குக் கமிஷன் வரும்) ரெண்டு லிட்டர் கிரைண்டர் ரெண்டை ஒப்பிடணும். ஒண்ணு சாய்க்கிற மாடல், கமிஷன் கூட. இன்னொண்ணு டிரம்மைத் தூக்கிக் கவுக்கணும், விலை கம்மி. எதை முதல்ல போட?

பதில்: தம்பி, வாட்ஸ், வாரன்டின்னு பெட்டியில இருக்கறதையே அட்டவணை போடாதீங்க. உளுந்து போட்டு ஆட்டிப் பாருங்க. மாவு பொங்குதா, சூடாகுதா, கல்லுக்கடியில எவ்வளவு ஒட்டி நிக்குது, அதை எழுதுங்க. எங்கம்மாவுக்கு இடுப்பு வலி, மாவோட டிரம்மைத் தூக்கவே முடியாது. அவங்களுக்குச் சாய்க்கிறதுதான் சரி. தனியா இருக்கற பையனுக்கு அது தண்டச்செலவு.

இன்னொரு பதில்: கமிஷன் வருதுன்னு மேலேயே சொல்லிடுங்க, அடியில பொடி எழுத்துல வேணாம். 2023ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதுக்கு வழிகாட்டுதலே விட்டிருக்கு. விலையைக் கையால டைப் பண்ணாதீங்க, மாறிக்கிட்டே இருக்கும்.

கேட்டவர்: சரிங்கண்ணே. உளுந்து ஊறப்போட்டாச்சு. ஒரு கிரைண்டர் பக்கத்து வீட்டு இரவல்!