புதுப்பிப்பு: நாரி வலியும் மசாஜும், ஆறு கிழமைக்குப் பிறகு

நாரியில் தொடங்கி இடது பிட்டம், தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை மின்சாரம் அடித்த மாதிரி இழுக்கிறது, மசாஜுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் போன இடத்தில் முதுகெலும்பின் மேலேயே வைத்து அழுத்தினார்கள். அன்றிரவு திரும்பிப் படுக்கவே முடியவில்லை. அப்புறம்தான் வைத்தியரிடம் போனேன். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கிப் பார்த்தார், பெருவிரலை மேலே மடக்கச் சொன்னார். சயாட்டிகாதான், அதாவது நாரியிலிருந்து காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பு உறுத்தப்பட்டு வரும் வலி. பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

பிசியோ அக்கா எலும்பைத் தொடவே இல்லை. பிட்டத்தின் உள்ளே பிரிஃபோமிஸ் என்றொரு தசை இருக்கிறது. பெரும்பாலானோருக்குச் சயாட்டிக் நரம்பு அதன் அடியால்தான் வெளியே வருகிறது. நான் மூச்சை விடும்போது மட்டும் முழங்கையால் அந்த இடத்தை மெல்ல அழுத்துவார். பத்து நிமிடம்தான், மிச்ச நேரமெல்லாம் பயிற்சி. "மசாஜ் முள்ளெலும்புகளுக்கு நடுவே பிதுங்கின டிஸ்க்கை உள்ளே தள்ளாது தம்பி, இறுகின தசையைத் தளர்த்தி உங்களை நடக்க வைக்கும்" என்றார். எனக்கு அது பெரிய தெளிவு.

இப்போது கெண்டைக்கால் வலி இல்லை, பிட்டத்தில் கொஞ்சம் மிச்சம். பின்னேரங்களில் வெள்ளவத்தைக் கடற்கரையோரம் நடக்கிறேன். 100 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதுதான் இன்னும் கஷ்டம்.

தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனால், சிறுநீர் போகாமலோ அடக்க முடியாமலோ இருந்தால், தயவுசெய்து மசாஜுக்குப் போகாதீர்கள். நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.