பார்சிலோனா கோதிக் குவார்ட்டர்: அந்தச் சுவரை மறக்க முடியவில்லை

வழிப்போக்கன்:
பார்சிலோனாவின் பழைய நகர்ப்பகுதியான கோதிக் குவார்ட்டருக்குப் போன மார்ச்சில் போய் வந்தது, இன்னும் உறுத்துகிறது. கதீட்ரல், அதன் உள்முற்றத்தில் கத்திக்கொண்டிருக்கும் 13 வெள்ளை வாத்துகள் எல்லாம் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் சான் பெலிப் நேரி சதுக்கம். நடுவில் சின்ன நீரூற்று, ஒட்டியே பள்ளிக்கூடம். இடைவேளை போல, பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். தேவாலயச் சுவரின் கீழ்ப்பகுதி முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். ஒன்றில் விரலை வைத்தேன், பாதி விரல் உள்ளே போய்விட்டது. எங்கள் கைடு, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஆட்களை நிற்கவைத்துச் சுட்ட தடம் என்றார். அந்த நேரம் பார்த்துப் பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது, ஒரு பையன் கையை நீட்டிக்கொண்டு நின்றான், எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் அன்றைக்கு வேறு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

கல்தச்சன்:
கைடு சொன்னது தப்பு நண்பரே. போருக்குப் பிறகு பரப்பிய கதை அது. அவை குண்டுச் சிதறல் பட்ட குழிகள். 1938 ஜனவரி 30, அரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி பிராங்கோ பக்கம் நின்ற இத்தாலிய விமானங்கள் போட்ட குண்டு. முதல் குண்டில் சிக்கியவர்களை மீட்கப் போனபோது இன்னொன்று விழுந்தது. இறந்தவர்கள் 42 பேர், பெரும்பாலும் குழந்தைகள். அங்கேயே பலகையில் எழுதியிருக்கிறது, அதைக்கூடப் படிக்காமல் ஒருவர் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார் என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இன்னொன்று, அங்கே கண்ணில் படுவதெல்லாம் இடைக்காலம் இல்லை. எல்லோரும் படம் எடுக்கும் பிஸ்பே தெருப் பாலம் 1928இல் கட்டியது.

நீலாம்பரி:
பாலம் புதுசு என்றால் தெருவே பொய் ஆகிவிடுமா? பிளாசா தெல் ரேய் நகர அருங்காட்சியகத்தில் லிஃப்டில் கீழே இறங்கிப் பாருங்கள். ரோமானியர் காலத்துப் பார்சினோ ஊரின் தெரு, மீன் உப்புப் போட்ட தொட்டிகள், சாயப்பட்டறை எல்லாம் அப்படியே கிடக்கின்றன. சாயப்பட்டறையில் நீலம் இன்னும் ஒட்டியிருக்கிறது. என் அப்பா சாயவேலைதான் பார்த்தார், அவர் நகக்கண்ணில் இருந்த அதே மாதிரி நீலம். அங்கேயே நின்றுவிட்டேன், பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சரி, போகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை அந்த அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஞாயிறு மதியம் 3 மணிக்கு மேல் இலவசம், ஆனால் கூட்டம் இருக்கும், விலாவாரியாகப் பார்க்க நினைத்தால் காசு கொடுத்து வேறு நாள் காலையிலேயே போங்கள். கதீட்ரலுக்குத் தோளை மூடும் உடை. பர்ஸை முன் பாக்கெட்டில் வையுங்கள். பாரதீஸ் தெரு 10ஆம் எண் வீட்டுக்குள் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் பெயரிலான கோயிலின் 4 தூண்கள் நிற்கின்றன, அதற்குக் காசே கிடையாது, பலர் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சான் பெலிப் நேரிக்கு மட்டும் பள்ளி நாளில் போங்கள், அந்தப் பிள்ளைகள் சத்தம் இல்லாமல் அந்தச் சதுக்கத்தைப் பார்க்காதீர்கள்.