புதுப்பிப்பு: சிங்கப்பூரில் தங்கை வீட்டில் மூன்று வாரம்

போகும் முன் இங்கே கேட்டிருந்தேன்: அம்மாவோடு தங்கை வீட்டுக்குப் போகிறோம், அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள், சமையல் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றாமல் இருக்க என்ன வழி என்று. காலையில் தேக்கா சந்தைக்குப் போங்கள் என்று பலர் சொன்னீர்கள். அதுதான் கைகொடுத்தது, நன்றி.

எட்டு மணிக்குள் போய்விடுவோம். நம் வஞ்சிரத்தை அங்கே பாத்தாங் என்கிறார்கள். கடைக்காரர் தமிழிலேயே குழம்புக்கா, வறுவலுக்கா என்று கேட்டு வெட்டிக் கொடுத்தார். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், மீன் கடைகள் பல மூடிக் கிடந்தன.

இரவுச் சாப்பாட்டை அம்மா எடுத்துக்கொண்டார். முதல் நாள் தங்கை கதவைத் திறந்ததும் குழம்பு வாசனையில் பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றாள். நான்கு வருடம் கழித்து அம்மா கைச் சாப்பாடு. எனக்கே கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார்.

அப்புறம் ஜிஎஸ்டி. இப்போது 9 சதவீதம். 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையாமல் வாங்கினால் அந்த வரியைச் சுற்றுலாப் பயணிகள் திரும்பப் பெறலாம், ஆனால் கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். ஒரு துணிக்கடைக்கு அதை எடுக்காமல் போய்விட்டோம், அந்தத் தொகை போச்சு. முஸ்தபா பேரங்காடியில் வாங்கியதற்குச் சாங்கி விமான நிலையத்தில் பதிந்து வாங்கிவிட்டோம். சேவைக் கட்டணம் கொஞ்சம் பிடிக்கிறார்கள்.

கிளம்பும் முன் அம்மா ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் செய்து வைத்தார். நேற்று தங்கை பேசினாள், பாதி தீர்ந்துவிட்டதாம்.